பெரியம்மாவின் முழமும் தென்பிரான்சின் கடலும்

2023ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் திகதி, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, பீலெஃபெல்ட் நகரில் என் பெரியம்மாவின் குசினியில் நின்று, அவருடைய வலது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தேன். நாற்பத்து மூன்று சென்ரிமீற்றர். வளையல்களைக் கழற்றச் சொல்லி மறுபடியும் அளந்தேன். அப்போதும் நாற்பத்து மூன்றுதான். (வளையல் கையின் நீளத்தைக் கூட்டாது என்பது பிரான்ஸ் எல்லையைக் கடந்த பிறகே எனக்கு உறைத்தது.)

சொல்வதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வது என் பிறவிக் குறை. பிரெஞ்சு இலக்கியம் படிக்கப் போனதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அங்கே அந்தக் குறைக்குப் புள்ளிகள் கொடுக்கிறார்கள். வீட்டில் கொடுப்பதில்லை. ஆனால் அன்று காலை பெரியம்மாவுக்குத் தேவைப்பட்டது அந்தக் குறைதான்.

விடயம் இதுதான். பெரியம்மாவின் மகள் ஷாமி அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம். எங்கள் ஆட்களின் கல்யாணங்களில் இப்போது தாலிக்கு அடுத்த இடம் 'அவுட்டோர்' என்று அழைக்கப்படும் படப்பிடிப்புக்கு. மணமக்கள் ஓர் அழகான இடத்துக்குப் போய், நடந்து, திரும்பி, புன்னகைத்து, மறுபடியும் நடப்பார்கள். அதைப் பாட்டோடு இணைத்து, மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன் பெரிய திரையில் போடுவார்கள். முன்பெல்லாம் பீலெஃபெல்ட் கோட்டையே போதுமானதாக இருந்தது. பிறகு ரைன் நதிக்கரை வந்தது. இப்போது மத்தியதரைக் கடலுக்குக் கீழே எவரும் இறங்குவதில்லை. ஆகவே தென்பிரான்ஸ் என்று முடிவாயிற்று: செம்மண் மலை, லாவெண்டர் வயல், கடற்பாறை.

கல்யாணத்துக்கு முன் இருவரும் சேர்ந்து நான்கு நாள் வெளியூர் போவதில்தான் சிக்கல். பெரியம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். அந்த நிபந்தனை நான்.

"நீ கூடப் போறாய். தாலி ஏறுமட்டும் ரெண்டு பேருக்கும் நடுவிலை ஒரு முழம் இருக்கோணும். விளங்குதோ?"

"ஆற்றை முழம் பெரியம்மா?"

அவர் வலது கையை நீட்டினார். "என்ரை முழம்தான். வேறை ஆற்றை?"

அதனால்தான் அவருடைய தையல் பெட்டியிலிருந்து மஞ்சள் நிற அளவு நாடாவை எடுத்தேன்.

எனக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது. தை மாதம் தொடங்கும் பருவத்தில் மார்செய் நகரில் போய்ப் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஆவணி இருபத்தொன்றாம் திகதி திங்கட்கிழமைக்குள் ஒப்புதல் அனுப்ப வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். (அவர்கள் எழுதியது ஓகஸ்ட், எங்கள் வீட்டில் ஓகஸ்டும் ஆவணியும் ஒன்றுதான்.) எனக்கு வயது இருபத்திரண்டு, சட்டப்படி எவருடைய கையொப்பமும் தேவையில்லை. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் பெட்டி கட்டிப் போகிற பிள்ளை நானல்ல. அப்பா அதிகம் பேசமாட்டார். "முதல் இந்தப் பயணத்தை ஒழுங்காய் முடிச்சுக்கொண்டு வா. பெரியம்மா என்ன சொல்லுறா எண்டு பாத்திட்டுக் கதைப்பம்," என்றார். எங்கள் குடும்பத்தில் நீதிமன்றம், மேல் நீதிமன்றம் இரண்டும் பெரியம்மாதான். ஆகவே எனக்கும் மார்செய்க்கும் இடையில் நின்றது சரியாக நாற்பத்து மூன்று சென்ரிமீற்றர்.

நானும் ஒரு நிபந்தனை போட்டேன். என் முகம் ஒரு படத்திலும் விழக்கூடாது. எவர் கண்ணிலும் படாமல் இருப்பதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு. பாடசாலைக் குழுப்படங்களில் நான் பெரும்பாலும் ஒரு காதாகவே இருக்கிறேன்.

வான் வண்டியில் நான்கு பேர். வண்டியை ஓட்டியவர் மாப்பிள்ளை நிரோஷன், லைப்சிக்கில் பொறியியலாளர். (அவரை அண்ணா என்று கூப்பிடுவதா, அத்தான் என்று கூப்பிடுவதா என்ற குழப்பத்தில் நான்கு நாளும் "இஞ்சை பாருங்கோ" என்றே கூப்பிட்டேன்.) அருகில் கமெராக்காரர் குகன் அண்ணை, டோர்ட்முண்டிலிருந்து வந்தவர். பின்னால் ஷாமி அக்காவும் நானும், எட்டுச் சேலைகளும், ஒரு சோற்றுப் பானையும். ஷாமி அக்கா முன்னால் உட்கார ஆசைப்பட்டார். முன் இருக்கைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்தேன். முப்பத்தொன்று. பின்னாலேயே உட்கார்ந்தார்.

"இவள் உண்மையாவே அளக்கிறாள்," என்றார் ஷாமி அக்கா.

"அளக்கட்டும்," என்றார் குகன் அண்ணை. "நான் முப்பது கலியாணம் எடுத்திட்டன். ஆச்சிமார் வந்திருக்கினம், பேய்க்கு எலுமிச்சம்பழம் கொண்டு வந்திருக்கினம். நாடா கொண்டு வந்தது இதுதான் முதல்."

மறுநாள் காலை ரூசியோன் என்னும் மலைக்கிராமத்துக்குப் போனோம். அந்த ஊரின் மண் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று பலவிதமாகக் குன்றுகளிலிருந்து வழிந்து கிடக்கிறது. வீட்டுச் சுவர்களுக்கும் அதே நிறத்தைப் பூசியிருக்கிறார்கள். சமையற்கட்டில் மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள் டப்பாக்களை யாரோ திறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. அதைக் குறிப்பேட்டில் எழுத நினைத்தேன். எழுத முடியவில்லை, இரண்டு கையிலும் நாடா இருந்தது.

"மாப்பிளை, கொஞ்சம் கிட்டப் போங்கோ," என்பார் குகன் அண்ணை.

நிரோஷன் ஓர் அடி வைப்பார். நான் ஒரு பைன் மரத்தின் பின்னாலிருந்து ஓடிவந்து, குனிந்து, அளந்து, "நாற்பத்தொண்டு, ரெண்டு குறையுது," என்று சொல்லிவிட்டு மரத்துக்கே திரும்பி ஓடுவேன். அங்கே சுற்றுலா வந்திருந்த ஒரு டச்சுக் குடும்பம் நான் தையற்காரி என்று நினைத்தது. சிறிது நேரத்துக்குப் பிறகு, நிலத்தை அளக்க வந்த அரச அலுவலர் என்று நினைத்தது. பாறையின் விளிம்பருகே நின்று படம் எடுக்கலாமா என்று என்னிடம் மரியாதையாக அனுமதி கேட்டார்கள். நானும் கொடுத்தேன்.

ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணிக்குப் பெரியம்மா வீடியோவில் வருவார். அவருடைய நெற்றி மட்டும் தெரியும்.

"அளந்தனியோ?"

"ஓம் பெரியம்மா. ஆகக் குறைஞ்சது நாற்பத்து மூண்டு. ஆகக் கூட எழுபது."

"எழுபதோ? ஏன் எழுபது? சண்டை பிடிச்சவையோ?"

அப்போது உண்மையிலேயே சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டைக்குக் காரணம் நான். ஆனால் அது இரண்டாம் நாள் மாலை. அதற்கு முன் பிற்பகலில் வலன்சோல் சமவெளிக்குப் போயிருந்தோம்.

லாவெண்டர் வயலைப் படத்தில் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியாது: அது சத்தம் போடும். ஊதா வரிசைகள் தொடுவானம்வரை ஒழுங்காக ஓடுகின்றன; அவற்றின்மேல் பல்லாயிரம் தேனீக்கள் ஒரே சுருதியில் ரீங்கரிக்கின்றன. நானும் ஷாமி அக்காவும் வயல் ஓரத்தில் நின்று ஒரு நிமிடம் கேட்டோம். அந்த நிமிடத்தில் நான் கடமையையும் நாடாவையும் மறந்திருந்தேன். மார்செய்க்கு வந்தால் ஒவ்வொரு ஜூனிலும் இங்கே வரலாம் என்று எண்ணினேன்.

"இப்ப வரிசைக்கு நடுவாலை நடந்து வாங்கோ தங்கச்சி, பூவைத் தடவிக்கொண்டு வாங்கோ," என்றார் குகன் அண்ணை.

ஷாமி அக்கா பூவைத் தடவிக்கொண்டு வந்தார். பூவில் ஏற்கனவே வேலை செய்துகொண்டிருந்த ஒரு தேனீ அதை விரும்பவில்லை. வலது கண்ணிமையில் கொட்டியது.

அரை மணி நேரத்தில் அவருடைய கண், கண் என்று சொல்லத்தக்க நிலையில் இல்லை. பணியாரத்தில் ஒரு கீறல் போட்டதுபோல் இருந்தது. அருகிலிருந்த சிறுநகரத்தில் ஒரு மருந்தகத்தைக் கண்டுபிடித்தோம். பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் பிரெஞ்சோ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட சோக நாடகங்களில் பிறந்து, அங்கேயே வளர்ந்தது. பதற்றத்தில் வேறு சொற்கள் வரவில்லை. நான் சொன்னதைத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

"ஐயா, கொடிய பூச்சியொன்றின் சீற்றத்தால் இந்த மங்கை ஒளியை இழந்தாள். அவளது திருமணமோ அருகில். இரங்குவீராக."

மருந்தாளர் வெள்ளை அங்கியைச் சரிசெய்துகொண்டு, என்னைவிடப் பணிவாகத் தலைதாழ்த்தினார். பிறகு ஒரு பூச்சும் சில குளிசைகளும் எடுத்து வைத்து, "இளவரசி இரண்டு நாள் ஓய்வெடுக்கட்டும்," என்றார்.

இரண்டு நாள் எங்களிடம் இல்லை. கடற்பாறைப் படப்பிடிப்பு மறுநாள், சனிக்கிழமை. ஞாயிறு திரும்ப வேண்டும். அன்று மாலை வாடகை வீட்டின் முற்றத்தில்தான் சண்டை நடந்தது. நான் நாடாவோடு துரத்தாமல் இருந்திருந்தால் வயலை ஒரு மணி நேரம் முன்னதாக முடித்திருக்கலாம், அந்தத் தேனீ வேறொருவரைக் கொட்டியிருக்கும் என்பது ஷாமி அக்காவின் வாதம். தர்க்கத்தில் பிழை காண முடியவில்லை. அவர் அழவும் செய்தார். ஒரு கண்ணால் மட்டும்.

"கடல் இல்லாமல் என்ன வீடியோ? எல்லாரும் கடலெல்லோ பாக்க இருக்கினம். அம்மா எல்லாருக்கும் சொல்லிப்போட்டா."

ஏழு மணிக்குப் பெரியம்மாவின் நெற்றி வந்தது. ஷாமி அக்கா கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுபது சென்ரிமீற்றருக்கு அப்பால் இருந்த நிரோஷனைப் பார்க்காமல் தேநீர் குடித்தார். "எல்லாம் நல்லாப் போகுது பெரியம்மா," என்றேன். அது நான் அவரிடம் சொன்ன முதல் பொய். சொன்னவுடனேயே மார்செய் ஒரு படி பின்னால் நகர்ந்ததுபோல் இருந்தது.

அழைப்பு முடிந்ததும் குகன் அண்ணை என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சந்தையில் பூசணிக்காயைப் பார்ப்பவரின் பார்வை அது.

"கலியாணப் பொம்பிளையும் இவவும் ஒரே உயரம்."

"ஏலாது," என்றேன்.

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே."

"என்ன சொல்லப் போறியள் எண்டு தெரியும். ஏலாது."

"முகம் தேவையில்லை பிள்ளை. முதுகு காணும். கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிற முதுகு. ஆற்றை முதுகெண்டு ஆர் கேக்கப்போகினம்?"

ஷாமி அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இருக்கிற ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தால் மறுத்திருப்பேன்.

ஆகவே சனிக்கிழமை காலை, கஸீ என்னும் சிறு துறைமுக ஊருக்கு அப்பால், கடலுக்குள் நீண்டிருந்த ஒரு வெண்பாறை முனையில், ஷாமி அக்காவின் குங்குமச் சிவப்புப் பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு நின்றேன். அவருடைய சேலைச் சட்டை எனக்குப் பெரிது. முதுகு அழகாக இருக்க வேண்டும் என்பதால், பதினொரு ஊக்குகளையும் தோளின் முன்பக்கத்தில் குத்தியிருந்தோம். செங்குத்தான வெள்ளைப் பாறைகள். அவற்றின் பிளவுகளிலிருந்து சாய்ந்து வளர்ந்த பைன் மரங்கள். கீழே, அடியிலுள்ள கல் தெரியுமளவுக்குத் தெளிந்த பச்சை நீலத் தண்ணீர். இலக்கிய மாணவி என்ற முறையில் இந்த இடத்தில் நான் உருகியிருக்க வேண்டும். எனக்கு ஊக்குகள் குத்தின.

குகன் அண்ணை கொண்டுவந்த ட்ரோனைப் பறக்கவிட முடியவில்லை. அது தேசியப் பூங்கா. தடை என்று பலகையில் இருந்தது. அதை உரக்க வாசித்துக் காட்டியவளும் நான்தான். ஆகவே அவர் துறைமுகத்தில் ஒரு படகுக்காரரைப் பிடித்து, கடலிலிருந்து எடுக்கலாம் என்று முடிவு செய்தார். பாறைமுனைக்குப் பின்புறமுள்ள குடாவில் படகு நிற்கும். நாங்கள் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்போம். முதுகு மட்டும் விழும். திட்டத்தில் குறையில்லை.

நிரோஷன் என் அருகில் வந்து நின்றார். பாவம், அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"மச்சாள்," என்றார் மெல்ல, "இது எங்கடை பக்கத்து ஆக்களுக்குத் தெரிஞ்சா..."

"தெரியாது. இதைப் பிடியுங்கோ."

அளவு நாடாவின் ஒரு முனையை அவரிடம் கொடுத்தேன். பெரியம்மா சொன்னது, தாலி ஏறும்வரை மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு முழம். அந்த நேரத்தில் பெண் நான். விதியில் விலக்கு எதுவும் சொல்லப்படவில்லை. அவர் பூச்சியத்தைப் பிடித்துக்கொண்டார். நான் நாற்பத்து மூன்றைப் பிடித்துக்கொண்டேன். இடுப்பளவில், விறைப்பாக. பின்னாலிருந்து பார்த்தால் முந்தானை அதை மறைத்துவிடும். ஷாமி அக்கா ஒரு பைன் மரத்தடியில், கண்ணில் குளிர்பொதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நான்கு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

பிறகு காற்று எழுந்தது.

அந்தப் பகுதிக்கே உரிய, வடக்கிலிருந்து வரும் காற்று அது. அறிவித்துவிட்டு வருவதில்லை. படகு குடாவிலிருந்து மெல்ல நழுவி, பாறைமுனையைச் சுற்றிக்கொண்டு எங்களுக்கு நேரே முன்னால் வந்தது. படகின் ஓரத்தில் குகன் அண்ணை கமெராவை இறுகக் கட்டிப்பிடித்தபடி குனிந்திருந்தார். எங்களைப் பார்த்துக் குனியவில்லை. தண்ணீரைப் பார்த்துக் குனிந்திருந்தார். காலையில் சாப்பிட்ட புட்டு அவரிடம் தங்கவில்லை. கமெரா மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஓடிக்கொண்டும் இருந்தது.

படகுக்காரர் உற்சாகமானவர். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "நெருங்கி நில்லுங்கள், பிள்ளைகளே, ஒரு முத்தம் கொடுங்கள்," என்று பிரெஞ்சில் கத்தினார்.

நான் இருந்த இடத்திலிருந்தே, எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சில், கடலுக்குக் கேட்கும்படி பதில் சொன்னேன்: "அது தகாது ஐயா. நான் காவலாக அனுப்பப்பட்டவள்."

அவர் தொப்பியைக் கழற்றினார்.

மாலையில் குகன் அண்ணை மடிக்கணினியில் போட்டுக் காட்டினார். முன்பக்கக் காட்சியும் இருந்தது. அதில் என் முகம் ஒரு கடுகளவு. "இதுதான் பிள்ளை முழு வீடியோவிலையும் வடிவான ஷொட். கடல், பாறை, காத்திலை சேலை. உங்கடை முகம் ஆருக்குத் தெரியப்போகுது?" கடுகை உற்றுப் பார்த்தேன். எனக்கே என்னைத் தெரியவில்லை. சரி என்றேன்.

மண்டபத்தின் திரை ஆறு மீற்றர் அகலம் என்பதை நான் கேட்டிருக்க வேண்டும். அளவுகளில் அக்கறையுள்ள ஒருத்தி கேட்காமல் விட்ட ஒரே அளவு அதுதான்.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாலி ஏறிவிட்டது. ஷாமி அக்காவின் கண் முழுதாகத் திரும்பி வந்திருந்தது. விளக்குகளை அணைத்தார்கள். பாட்டு தொடங்கியது. செம்மண் மலை வந்தது; லாவெண்டர் வந்தது; சனம் "ஆ" என்றது. பிறகு கடல் வந்தது. முதலில் முதுகு. எவருக்கும் சந்தேகம் வரவில்லை. மூச்சை விட்டேன். பிறகு படம் மெதுவாகப் பாறையைச் சுற்றி வந்தது. திரையில், ஒரு அரிசி மூட்டை அளவுக்கு, என் முகம். தோளில் ஊக்குகள் வெயிலில் மின்னின.

எனக்குப் பின்வரிசையில் ஒருவர் சொன்னார்: "இது கலியாணப் பொம்பிளை இல்லையே."

"தங்கச்சிக்காரியெல்லோ. அந்தக் கதைக்காத பிள்ளை."

"ஏன் அவள் மாப்பிளையோடை நிக்கிறாள்?"

"அது என்ன நடுவிலை மஞ்சளாய்?"

முன்வரிசையில் பெரியம்மா எழுந்து, படம் போடும் பெடியனைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பாட்டு நின்றது. படமும் நின்றது: நிரோஷன், நான், நடுவில் விறைப்பாக அளவு நாடா. அப்பா அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஒப்புதலின் கடைசி நாள் மறுநாள். அந்த இருட்டில் நான் மனதுக்குள் மறுப்புக் கடிதத்தின் முதல் வரியை எழுதிவிட்டேன்.

பெரியம்மா திரும்பி, இருட்டில் என்னைத் தேடினார்.

"ஆரணி. எவ்வளவு?"

"நாற்பத்து மூண்டு பெரியம்மா."

அவர் திரையை ஒருமுறை பார்த்தார். தன் வலது கையை முழங்கையிலிருந்து விரல்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு, "போடு தம்பி," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே அப்பாவின் பக்கம் சாய்ந்து, மண்டபம் முழுக்கக் கேட்கும் இரகசியக் குரலில் சொன்னார்: "இவளை மார்செய்க்கு விடு. அங்கத்தைப் பெடியள்தான் பாவம்."

அன்று தொடங்கிய சிரிப்பு இன்னும் முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் இப்போது 'ஆரணி' என்பது ஒரு நீட்டலளவை. கார் நிறுத்தும்போது சுவரிலிருந்து "ஒரு ஆரணி விட்டு நிப்பாட்டு" என்கிறார்கள். ஷாமி அக்கா வாங்கிய புதிய சோபா வாசலுக்குள் நுழையாதபோது, "அரை ஆரணி கூடிப்போச்சு," என்று நிரோஷன் அத்தான் எனக்குச் செய்தி அனுப்பினார். (இப்போது அத்தான் என்றே கூப்பிடுகிறேன்.)

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ஒப்புதல் படிவத்தை அனுப்பினேன். ஒன்பதேகாலுக்குப் பெரியம்மாவை அழைத்து, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்ணைப் பற்றியும் நான் சொன்ன பொய்யைப் பற்றியும் ஒப்புக்கொண்டேன்.

"வீட்டுக்குள்ளை கறுப்புக் கண்ணாடியோடை ஆர் தேத்தண்ணி குடிக்கிறது?" என்றார். "அண்டைக்கே தெரியும். நாடா என்ரை தையல் பெட்டியிலை இருந்தது. எப்ப கொண்டு வாறாய்?"

"இப்ப வாறன் பெரியம்மா."

புறப்படுவதற்கு முன், கதவருகே நின்று, என் வலது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து பார்த்தேன். நாற்பத்தொன்று. மார்செய்க்கு அது போதும் என்று முடிவுசெய்து, நாடாவைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.